புகார் கடந்து வந்த வாசல்கள்: கொங்கு நாட்டுக் கல்வி வளாகங்களில் பாதுகாப்பின் வரலாறு

கொங்கு நாட்டில் உயர்கல்வி வளாகத்தின் பாதுகாப்பு என்பது நெடுங்காலம் மதில், வாயிற்காவலர், விடுதிக் கதவு அடைக்கும் நேரம் ஆகியவற்றைக் கொண்டே அளக்கப்பட்டது. தீங்குக்கு ஆளான மாணவரின் சொல் எவ்வழியே வெளியே சென்றது, யார் கையில் நின்றுபோனது என்னும் கேள்வியை முதலில் எழுப்பியவை கல்லூரிகள் அல்ல, நீதிமன்றங்களே. அதுவும் பெரும்பாலும் ஓர் உயிர் போன பிறகே. மதில்களின் வரலாற்றைவிட அந்தப் புகார் கடக்க வேண்டியிருந்த வாசல்களின் வரலாறே இப்பகுதியின் வளாகங்களைப் பற்றி அதிகம் சொல்கிறது.

கோயம்புத்தூரின் பழைய கல்வி நிலையங்களில் விடுதி வாழ்க்கை தொடக்கத்திலேயே ஊன்றிவிட்டது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868இல் தோன்றிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டு, ஊரின் மேற்கு எல்லையில், பின்னாளில் லாலி ரோடு எனப் பெயர்பெற்ற சாலையை ஒட்டி வேளாண்மைக் கல்லூரியாக வளர்ந்தது. மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். 1912இல் வனக் கல்லூரியும், 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியும், 1948இல் பெண்களுக்கான நிர்மலா கல்லூரியும், 1957இல் தி.சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த மனையியல் கல்லூரியும் வந்தன. இவற்றை நிறுவியோர் அரசாங்கமாயினும், துறவியராயினும், ஆலை முதலாளிகளின் அறக்கட்டளைகளாயினும், மாணவரைப் பெற்றோரிடமிருந்து ஒப்படைப்பாகப் பெற்றதாகவே கருதினர். தந்தைக்குரிய அதிகாரம் விடுதிக் காப்பாளருக்கு, அதாவது மாணவர் வாயில் வார்டன் என வழங்கும் ஆசிரியருக்கு, அப்படியே கைமாறியது.

அந்த ஏற்பாட்டில் நன்மை இல்லாமலில்லை. வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்த பெண்களின் தலைமுறை ஒன்று படிக்க முடிந்ததற்குக் காப்பாளரின் மேற்பார்வைப் பதிவேடும், கையெழுத்திட்டுப் பெற வேண்டிய வெளியனுமதிச் சீட்டும், ஊரில் உறவினர் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும் என்ற விதியும் பெற்றோருக்கு அளித்த தைரியம் ஒரு காரணம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை வீட்டோடு முடிப்பதே முறை என்ற எண்ணமும் அதே ஏற்பாட்டின் வழியாக வளாகத்துக்குள் நுழைந்தது. விடுதியில் திருட்டு நடந்தாலும், மூத்த மாணவர் இளையவரை அடித்தாலும், ஆய்வகத்தில் ஆசிரியர் தகாத முறையில் நடந்துகொண்டாலும், காப்பாளரின் மேசையோ முதல்வரின் அறையோ அந்தப் பேச்சின் இறுதி நிலையமாக இருந்தது. நிலமும் தறியும் ஆலையும் வைத்திருந்த குடும்பங்களில் பெண் ஒருத்தியின் பெயர் காவல் நிலையத்தில் எழுதப்படுவது அவளுக்கு நேர்ந்த தீங்கைவிடப் பெரிய இழுக்காகப் பார்க்கப்பட்டது; நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் கல்லூரியின் நற்பெயர் குறித்த கவலையும் கைகோத்துக்கொண்டபோது, புகார் அளிப்பவருக்குப் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்புவதே எஞ்சிய வழியாயிற்று.

காவல்துறையும் மாணவருக்கு நெருக்கமான இடமாக இருக்கவில்லை. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது திருப்பூரில் காவல்துறையினர் இருவர் எரித்துக் கொல்லப்பட்டதும், பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதும் இரு தரப்பின் நினைவிலும் ஆழப் பதிந்தன. வளாகத்துக்குள் காக்கிச் சட்டை வருவது ஒடுக்குமுறையின் அறிகுறி என்ற எண்ணம் அக்காலத்து மாணவர் அரசியலில் வேரூன்றியது. முதல்வர் அழைக்காமல் போலீஸ் உள்ளே வரக்கூடாது என்ற வழக்கமும் வலுப்பட்டது. அது சட்டம் அன்று, வழக்கம் மட்டுமே. போராடும் மாணவரைக் காத்த அந்த வழக்கம், குற்றம் இழைத்த மாணவரையும் ஆசிரியரையும் சேர்த்தே காத்தது என்பதை இவ்வரலாற்றில் மறைக்க இயலாது.

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு, அதாவது அரசு நிதியின்றி மாணவர் கட்டணத்தில் நடக்கும் கல்லூரிகளுக்கு, அனுமதி கிடைத்ததும் கொங்கு நாட்டின் தோற்றமே மாறியது. அதே ஆண்டில் சரவணம்பட்டியில் குமரகுரு கல்லூரியும் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அடுத்த இருபது ஆண்டுகளில் அவினாசி சாலை, சத்தியமங்கலம் சாலை, பாலக்காடு சாலை ஓரங்களிலும் திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களிலும் தோட்டக் காடுகளுக்கு நடுவே கல்லூரிகளும் அவற்றைச் சுற்றித் தனியார் விடுதிகளும் முளைத்தன. வளாகத்தின் நற்பெயர் இப்போது கௌரவத்தோடு நில்லாமல் அடுத்த ஆண்டுச் சேர்க்கையையும் தீர்மானித்தது. புகாரை அடக்குவதற்கு மானத்தோடு வருமானமும் ஒரு காரணமாயிற்று. மருதமலை அடிவாரத்தில் 1982 முதல் இயங்கும் பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற காட்டோர வளாகங்களில் இரவில் யானை நுழைவது இன்றும் மெய்யான அபாயம்; ஆயினும் யானை வந்தால் வனத்துறைக்குச் சொல்ல எவரும் தயங்கியதில்லை.

புகாரின் பாதையில் சட்டம் முதலில் கைவைத்தது கொங்கு நாட்டுக்கு வெளியே நடந்த ஒரு கொலையினால். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவரான பொன். நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டார். உடல் துண்டிக்கப்பட்டு வெவ்வேறு இடங்களில் வீசப்பட்டிருந்தது. கொல்லப்பட்டவர் சென்னைப் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தரின் மகன் என்பதால், அதுவரை விளையாட்டு எனக் கடக்கப்பட்ட ராகிங், அதாவது மூத்த மாணவர் புதியவரைச் சிறுமைப்படுத்தியும் அச்சுறுத்தியும் துன்புறுத்தும் வழக்கம், ஒரே நாளில் மாநிலத்தின் பேச்சாயிற்று. 1997இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து தனிச் சட்டம் இயற்றியது. குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதோடு, தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறெங்கும் சேர முடியாது என்றும் அது விதித்தது. வழக்கின் போக்கோ மிக நீண்டது: 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை அளித்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டளித்தது.

அந்தச் சட்டத்தின் நுட்பமான பகுதி தண்டனை அன்று. புகாரைப் பெற்றும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார் என்று அது சொன்னது. மௌனம் குற்றத்தின் ஒரு பகுதி என்று சட்டம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ஆயினும் புகார் முதலில் செல்ல வேண்டிய இடம் அதே முதல்வரின் அறையாகவே இருந்தது. விசாரித்து உண்மை எனக் கண்டால் மாணவரை இடைநீக்கம் செய்வதும் அவர் பொறுப்பே. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்தவர்களின் தொல்லையால் உயிரிழந்ததை அடுத்து வந்த, பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம், கல்வி நிறுவனப் பொறுப்பாளர்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்ற கடமையைச் சேர்த்தது. மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழுவின் 2007ஆம் ஆண்டுப் பரிந்துரைகளை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிகள் காலக்கெடுவையும் வைத்தன: ராகிங் குற்றமாக அமையுமெனில், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் முதல் தகவல் அறிக்கை, அதாவது வழக்கைத் தொடங்கிவைக்கும் எப்.ஐ.ஆர்., பதிவாகச் செய்ய வேண்டும். காப்பாளர் மேசையில் நின்றுபோன பேச்சு ஒரே நாளில் காவல் நிலையம் சேர வேண்டும் என்று எழுத்தில் வர ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது.

இதற்கிடையில், கோவை மாணவியரின் பாதுகாப்பு வளாக மதிலோடு முடிவதில்லை என்பதை 2000 பிப்ரவரி 2 காட்டியது. கல்விச் சுற்றுலா சென்றிருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து, அரசியல் தலைவர் ஒருவருக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்து அவரது கட்சியினர் நடத்திய மறியலின்போது, தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் தீவைக்கப்பட்டது. மூன்று மாணவியர் பேருந்துக்குள்ளேயே கருகி இறந்தனர். பட்டப்பகலில் பலர் கண்முன் நடந்த அந்தக் குற்றத்திலும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். பலியான மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2007இல் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2016இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2018இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். நீதி எங்கே நின்றுவிடும் என்பதை அறிந்து அதைத் தூக்கிச் சென்றவர் அந்தத் தந்தை. நிறுவனங்கள் எவையும் அவ்விடத்தில் முன்னிற்கவில்லை.

காவல் நிலையத்தின் வாசலும் எளிதானதன்று. தமிழ்நாட்டில் புகார் கொண்டு செல்பவருக்கு உடனே எப்.ஐ.ஆர். கிடைப்பதில்லை, சமூகப் பணிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு சி.எஸ்.ஆர். எனப்படும் ரசீது தருவதும், இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிப்பதும் நெடுநாள் நடைமுறை. 2012 டிசம்பரில் தில்லியில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம், பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கே தண்டனை உண்டு என்றது; 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டமும், மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு அமைக்கச் செய்தன. இது நிறுவனத்துக்குள்ளேயே பெண் ஒருவர் தலைமையில் விசாரணை நடத்தும் அமைப்பாகும். வெளியாரும் மாணவப் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும் என்பவை விதிகள்.

பெயர்ப்பலகையில் குழு இருந்தும் புகார் வராத கல்லூரி பாதுகாப்பான கல்லூரி எனக் கொண்டாடப்பட்ட பிழை இக்காலத்தில் பரவியது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதி ஒன்றில் தங்கியிருந்த சிறுமியர் இருவர் வன்கொடுமைக்கு ஆளானதும், அவ்வாண்டிலேயே பெண்கள், குழந்தைகள் விடுதிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் வந்தது. 2018 ஜூலையில் கோவையை அடுத்த நரசீபுரத்தில் தனியார் கல்லூரி ஒன்று பேரிடர்ப் பயிற்சி நடத்தியபோது, பயிற்சியாளர் எனச் சொல்லிக்கொண்டவர் தயங்கிய மாணவியை இரண்டாம் மாடியிலிருந்து தள்ள, அவர் இடையிலிருந்த தளத்தின் விளிம்பில் மோதி உயிரிழந்தார்; அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. பயிற்சி தருபவரின் சான்றைக் கேட்டுப் பார்ப்பது என்ற மிகச் சிறிய கடமைகூட நிறைவேறாத இடத்தில் பாதுகாப்பு என்பது நிகழ்ச்சிப் படங்களுக்காக நடத்தப்படும் சடங்காகவே இருந்திருக்கிறது.

இவ்வரலாற்றின் மையமாக நிற்பது 2019ஆம் ஆண்டின் பொள்ளாச்சி வழக்கு. அவ்வாண்டு பிப்ரவரி 24 அன்று கல்லூரி மாணவி ஒருவர், தம்மைக் காரில் வைத்துத் துன்புறுத்திப் படம் பிடித்து மிரட்டியவர்கள் மீது பொள்ளாச்சி காவல் நிலையத்தில் புகார் அளித்தார். அந்தக் கும்பல் பல ஆண்டுகளாகப் பல பெண்களை அதே முறையில் சிக்கவைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. அத்தனை பெண்களின் மௌனத்துக்குக் காரணம், குற்றவாளிகள் நம்பியிருந்த அதே ஊர்ப் பேச்சுதான்: படம் வெளியே போனால் பழி பெண்ணின் குடும்பத்துக்கே என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மிரட்டலின் முழு வலுவும் கைப்பேசியில் இருந்த காட்சியைவிட அந்த வட்டாரத்தின் மான உணர்வில் இருந்தது என்று சொல்வது மிகையாகாது. முதல் பெண் வாய் திறந்ததும் நடந்தவை அந்த அச்சத்தை மெய்ப்பித்தன. புகாரின் பொருட்டு அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர் முன்னிலையில் அவருடைய அடையாளத்தை வெளிப்படுத்தினார்; வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அது இடம்பெற்றது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கும் பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983 முதல் இருந்தும், சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அதை மீறினர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கொங்கு நாட்டு மாணவ மாணவியர் வகுப்புகளைப் புறக்கணித்து வீதிக்கு வந்தனர். பிற பெண்கள் தம் பெயரைச் சொல்ல முன்வராமல் போனதற்கு யார் காரணம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆனால் வழக்கு வேறு விதமாகவும் நினைக்கப்பட வேண்டியது. அடையாளம் காக்கப்பட்ட நிலையில் எட்டுப் பெண்கள் சாட்சியமளித்தனர். அரசுத் தரப்பு சாட்சிகள் 48 பேரில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்து, பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது. தருமபுரியில் பட்டப்பகல் சாட்சிகள் பிறழ்ந்ததையும், இங்கே மூடிய அறையில் பேசிய பெண்கள் உறுதியாக நின்றதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பேசுபவரைக் காக்கும் ஏற்பாடு எவ்வளவு தூரம் வழக்கையே நிர்ணயிக்கிறது என்பது விளங்கும்.

பொள்ளாச்சிக்குப் பின் கோவை காவல்துறையின் அணுகுமுறையும் மாறியது. 2021 நவம்பரில் கோவைப் பள்ளி மாணவி ஒருவர் ஆசிரியரின் பாலியல் தொல்லையால் உயிர் மாய்த்துக்கொண்ட வழக்கில், தெரிந்தும் தகவல் சொல்லவில்லை எனப் பள்ளியின் முதல்வரும் கைது செய்யப்பட்டார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தகவல் மறைப்பதையே தனிக் குற்றமாக வைத்திருப்பது அப்போதுதான் இங்கே பலருக்குப் புலப்பட்டது. 2022இல் மாநகரக் காவல் ஆணையர் வே. பாலகிருஷ்ணன் 'போலீஸ் அக்கா' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர் பொறுப்பாக்கப்பட்டு, அவருடைய கைப்பேசி எண் வளாகத்தில் வைக்கப்பட்டது. மாணவி காப்பாளரையோ முதல்வரையோ பெற்றோரையோ தாண்டி நேரே அவரை அழைக்கலாம். கொங்கு நாட்டுப் புழக்கத்தில் அக்காவிடம் சொல்வதற்கும் ஸ்டேஷனுக்குப் போவதற்கும் உள்ள தூரத்தை அறிந்து வகுத்த ஏற்பாடு அது, இவ்வட்டாரத்தின் மிகச் சிறந்த முயற்சியும் அதுவே. வழக்குப் பதியாமலே எச்சரித்து முடித்துவைக்கும் வசதி அதில் இருப்பதால் பல பெண்கள் வாய் திறந்தார்கள். அதே வசதியால், பதிவாக வேண்டிய குற்றம் பேச்சோடு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அந்தப் பெண் காவலர்மேல் விழுகிறது. 2023 நவம்பரில் பீளமேடு பகுதியின் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவரை அடித்துத் தலையை மழித்த மூத்த மாணவர் ஏழு பேர் கைதானதும், பெற்றோர் காவல் நிலையம் வரை வந்ததன் விளைவே.

அடையாளத்தைக் காப்பதில் மாநிலம் முழுமையாகப் பாடம் கற்கவில்லை என்பதை 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த வன்கொடுமை காட்டியது. இம்முறை முதல் தகவல் அறிக்கையே கணினி வழியே வெளியாரின் கைக்குப் போய்விட்டது. பெண் அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்த உயர் நீதிமன்றம், இந்த மாணவிக்கும் அதே 25 லட்சம் ரூபாய் இழப்பீட்டை விதித்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பற்ற ஆயுள் சிறை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கோவை விமான நிலையத்தின் பின்புறம் கல்லூரி மாணவி ஒருவர் மூவரால் கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானபோது, தாக்கப்பட்ட நிலையிலும் உடனிருந்த நண்பர் காவல்துறைக்கு நேரே தகவல் சொன்னார். மறுநாள் இரவே மூவரும் பிடிபட்டனர். அவள் ஏன் அந்நேரத்தில் அங்கே இருந்தாள் என்ற கேள்வியும் அதே வேகத்தில் எழுந்தது, அதை எழுப்பியவர்கள் தம்மை அறியாமலே அடுத்த புகாரைத் தடுத்தார்கள்.

அமெரிக்காவில் 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்ட பிறகு, அந்த வளாகத்தில் முன்பே நடந்த குற்றங்களைச் சேர்க்கையின்போது தங்களுக்கு எவரும் சொல்லவில்லை என்று பெற்றோர் தொடர்ந்த போராட்டத்தால் 1990இல் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். இந்தியாவில் அதற்கு ஈடான சட்டம் இல்லை. உள் புகார்க் குழுவின் ஆண்டறிக்கை மாவட்ட அலுவலருக்கும், புகார்களின் எண்ணிக்கையும் தீர்வும் மானியக் குழுவுக்கும் செல்ல வேண்டும் என்று விதிகள் உண்டு. மே, ஜூன் மாதங்களில் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் மகளை அழைத்துக்கொண்டு கோவைக் கல்லூரிகளின் சேர்க்கை அறைக்கு வரும் பெற்றோரின் கையில் கட்டண விவரமும், வளாக நேர்காணலில் வேலை பெற்றோரின் எண்ணிக்கையும், விடுதி உணவுப் பட்டியலும் தரப்படுகின்றன. கடந்த ஆண்டு அந்த வளாகத்தில் எத்தனை புகார்கள் எழுந்தன, அவற்றில் எத்தனை காவல் நிலையம் சென்றன என்ற தாள் மட்டும் அவர்களுக்கு இன்னும் தரப்படவில்லை.